கண்ணாடிக்காரரின் ஞாயிற்றுக்கிழமைகள்

கண்ணாடிக்காரருக்கு முயல் வேட்டை என்றால் உயிர். அந்தப் பழக்கத்தை அவர் அடியோடு விட்டுவிட்டதாக அவர் மனைவி நம்பிக்கொண்டிருந்தாள். குறைந்தபட்சம், அவள் அப்படி நம்பிக்கொண்டிருக்கிறாள் என்று இவர் நம்பிக்கொண்டிருந்தார்.

கடைத்தெருவின் கோடியில் அவருக்கு ஒரு பட்டறை. நீளமான மேஜை, அதன்மேல் விரித்த பழைய கம்பளி, சுவரோரமாகச் சாய்த்து நிறுத்திய ஆளுயரக் கண்ணாடிகள். வெட்டும் கருவியை வைத்து ஒரே இழுப்பாக இழுத்து, மேஜை விளிம்பில் ஒரு தட்டுத் தட்டினால் கண்ணாடி அவர் நினைத்த இடத்தில் நினைத்தபடி பிரியும். கண்ணாடி சொன்ன பேச்சைக் கேட்கும், சில்லுதான் கேட்காது. அதனால் அவர் விரல்களில் கீறல் இல்லாத நாளே கிடையாது. ஒரு காயம் ஆறி எழுந்திருப்பதற்குள் அடுத்தது வந்து உட்கார்ந்துகொள்ளும். யாராவது பதறினால், "தொழில் போட்டுவிட்ட மோதிரம்" என்று சிரிப்பார்.

மனைவி கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் வேலை பார்த்தாள். கற்றுக்கொள்கிறவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் தனி பிரேக்கை மட்டும் நம்பி ஊரையே சுற்றி வருகிறவள். வீட்டுக்குள் வந்தாலும் அந்தப் பழக்கம் அவளை விட்டுப் போகவில்லை. பேச்சு போகிற போக்கு பிடிக்காவிட்டால் அவளுடைய வலது கால் தானாகத் தரையை அழுத்தும். வாய் திறக்குமுன் கால் பேசிவிடும். எதைச் சொல்வது, எதை விழுங்குவது என்பதை அந்தக் காலைப் பார்த்துத்தான் கண்ணாடிக்காரர் முடிவு செய்வார்.

ரயில் பாதையைத் தாண்டினால் சதுப்பு. கண்ணுக்கெட்டிய தூரம் நாணலும் கோரையும், நடுநடுவே முதுகு காட்டிக்கொண்டு கிடக்கும் மண்மேடுகள். வேட்டைக்கு அனுமதி உள்ள மாதங்களில் அங்கே போவதில் தப்பு ஒன்றும் இல்லை. காட்டு முயல் என்றால் புதருக்குப் புதர் பாயும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். இந்தச் சதுப்பு முயலுக்கோ தண்ணீர் என்றால் தாய்வீடு மாதிரி. நாய் நெருங்கினால் பொத்தென்று குதித்து, நாணல் நடுவே மூக்கும் கண்ணும் மட்டும் வெளியே தெரிய, மூச்சுக் காட்டாமல் கிடக்கும். நாய் தலைக்கு மேலேயே நின்று குரைத்தாலும் அசையாது. அதைத் தண்ணீரிலிருந்து கிளப்பி மேட்டில் ஏற்றிவிட்டால், வட்டமாக ஒரு சுற்றுச் சுற்றி, கிளம்பின இடத்துக்கே வந்து சேரும். அந்தத் தடத்தின் குறுக்கே வலையைக் கட்டிக்கொண்டு, முழங்கால் சேற்றில் கொக்கு மாதிரி நிற்க வேண்டும். அந்த நிற்பில்தான் கண்ணாடிக்காரருக்குச் சொர்க்கம். வாரம் முழுக்க உடையும் பொருளோடு மல்லுக்கட்டுகிறவருக்கு, காலடியில் எல்லாமே மெத்தென்று இருக்கும் ஓர் இடம் எவ்வளவு சுகம் என்பது அவருக்குத்தான் தெரியும்.

அந்த மெத்துதான் ஒருநாள் காலை வாரிவிட்டது. தனியாகப் போயிருந்தவர், உறுதியான தரை என்று நினைத்துக் கால் வைத்த இடத்தில் நெஞ்சு வரை இறங்கிவிட்டார். அரை நாள் கத்திய பிறகு ரயில் பாதையைப் பார்க்க வந்த ஆள் காதில் விழுந்து, தீயணைப்பு வண்டி வந்து, ஏணியைப் படுக்கவைத்து இழுத்துப் போட்டார்கள். அதோடு விட்டார்களா? வண்டியிலேயே வீட்டு வாசலில் கொண்டுவந்து இறக்கினார்கள். தெருவே வாசலுக்கு வந்து நின்றது. மனைவி ஒரு வார்த்தை திட்டவில்லை. குளிப்பாட்டி, சோறு போட்டு, அவர் கையை எடுத்துத் தன் தலைமேல் வைத்துக்கொண்டாள்.

"இனிமே அந்தச் சேத்துப் பக்கம் போக மாட்டேன்னு என் மேல சத்தியம் பண்ணுங்க."

பண்ணினார். அந்த நிமிஷத்தில் மனசாரத்தான் பண்ணினார்.

அடுத்த பருவம் தொடங்கினதும் கால் பரபரத்தது. எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்ற ஓர் ஆளும் கிடைத்தான். மனைவியின் சொந்தத் தம்பி. தபால்காரன், தனியாள், வாரமெல்லாம் நடந்தும் கால் ஓயாதவன். அவனிடம் ஒரு நாய் இருந்தது. வாய் மூடாமல் குரைத்து எதிராளியை ஓய வைத்துவிடும் என்பதால் அதற்கு வக்கீல் என்று பெயர்.

"அக்காகிட்ட சத்தியம் பண்ணிருக்கேன் மாப்ளே."

"சேத்துப் பக்கம் போக மாட்டேன்னுதானே மாமா சொன்னீங்க? நாம மேட்டுல நிப்போம். மேடு வேற, சேறு வேற."

வக்கீல் என்ற பெயரை நாய்க்கு வைத்தது தப்போ என்று கண்ணாடிக்காரருக்குத் தோன்றியது. ஆனால் போனார். ஞாயிற்றுக்கிழமை காலையில், "ஒரு பெரிய தோட்டத்துக்குக் கண்ணாடிக் கூடாரம் போடணும், பட்டறையில வேலை இருக்கு" என்று சொல்லிவிட்டுக் கிளம்புவார். பிடித்த முயலை மச்சினன் வீட்டுப் பின்கட்டில் வைத்து உரிப்பார்கள். உரிப்பார்கள் என்ன, இவர்தான் உரிப்பார். மச்சினனுக்கு ரத்தத்தைப் பார்த்தால் தலை சுற்றும். முகத்தைத் திருப்பிக்கொண்டு வெங்காயம் நறுக்குவான். பிறகு நன்றாக வேகவைத்துச் சாப்பிட்டு, அங்கேயே தேய்த்துக் குளித்துவிட்டு, துளி சேறு இல்லாமல் இவர் வீடு திரும்புவார்.

பருவம் முடியப்போகிற சமயத்தில் ஒருநாள் ஒரு முயல் வலை வரைகூட வரவில்லை. மேட்டின்மேல் வெயிலில் உட்கார்ந்திருந்தது. வக்கீல் பக்கத்தில் போய் ஆரவாரம் பண்ணியும் நாலு அடி தத்தித் தத்திப் போய் மறுபடி உட்கார்ந்துகொண்டது. கண்ணாடிக்காரர் குனிந்து கையாலேயே எடுத்துவிட்டார்.

"மாமா, நம்ம கை ராசிதான் ராசி!" என்றான் மச்சினன்.

அந்த வாரமே காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் இல்லை. போர்வைக்குள் இருந்தாலும் பல் கிட்டிப்போகும் காய்ச்சல். ஆள்காட்டி விரலில் ஒரு கீறல் ஆறாமல் குழி விழுந்து நின்றது. அதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒருநாள் சட்டையைக் கழற்றும்போது அக்குளில் ஏதோ தட்டுப்பட்டது. தடவிப் பார்த்தார். கோலிக்குண்டு அளவுக்குக் கட்டி. சில நாளில் அது எலுமிச்சம்பழமாக வளர்ந்துவிட்டது.

அவருடைய அண்ணனுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. கழுத்தில் ஒரு கட்டி, விடாத காய்ச்சல், பிறகு எலும்பும் தோலுமாகி ஒரு குளிர்காலம்கூடத் தாண்டவில்லை. அந்தக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து அண்ணன் காலைப் பிடித்துவிட்டவர் இவர். எனவே யாரும் சொல்லாமலே தன் கணக்கை முடித்துக்கொண்டார்.

தெரு முனை டாக்டர் மாத்திரை கொடுத்துப் பார்த்தார். கேட்கவில்லை. "பெரிய ஆஸ்பத்திரியில காட்டிடுங்க" என்று சொல்லும்போது இவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். அது போதாதா?

அன்று மாலை, காய்ச்சலோடு பட்டறைக்குப் போய் ஒரு கண்ணாடித் துண்டு வெட்டிக்கொண்டு வந்தார். வீட்டு அடுக்களை ஜன்னலில் விரிசல் விட்ட கண்ணாடி ஒன்று வருஷக்கணக்காக அட்டை ஒட்டிக் கிடந்தது. ஊருக்கெல்லாம் ஜன்னல் போட்டவர் வீட்டில் அட்டை ஜன்னல் என்று மனைவி சொல்லிக்காட்டாத நாள் இல்லை. அட்டையைப் பிய்த்து, புதுக் கண்ணாடியைப் பொருத்தி, ஓரம் பூசி, துணியால் துடைத்தும் விட்டார். பாராட்டுவாள் என்று திரும்பினால், மனைவி கதவருகே நின்று முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள்.

"எதுக்குங்க இப்ப இத மாத்தினீங்க?"

"ஏன், நீதானே கேட்டுட்டிருந்த?"

"கேட்டா உடனே மாத்திடற ஆளா நீங்க?" என்றவள், அதற்குமேல் நிற்காமல் உள்ளே போய்விட்டாள்.

பெரிய ஆஸ்பத்திரிக்கு இருவரும் சேர்ந்துதான் போனார்கள். சுவரெல்லாம் வெளிர் பச்சை, வரிசையாக இரும்பு நாற்காலிகள், எங்கோ ஒரு சக்கரவண்டி கிறீச்சிட்டுக்கொண்டே போய்க்கொண்டிருந்தது. உள்ளே இருந்த டாக்டரம்மா அவசரப்படாதவர். கட்டியைத் தொட்டுப் பார்த்தார், முழங்கையை அழுத்திப் பார்த்தார், பிறகு கேள்விகளை ஆரம்பித்தார்.

"வீட்டுல நாய், பூனை ஏதாவது வளக்கறீங்களா?"

"இல்லைங்க."

"பூச்சி, உண்ணி கடிச்ச ஞாபகம்?"

"இல்லைங்க."

"காட்டுப் பிராணி எதையாவது கையால தொட்டீங்களா? எலி, அணில், முயல்?"

பக்கத்து நாற்காலியில் மனைவி. கண்ணாடிக்காரரின் வாய், மூளையைக் கேட்காமலே பழைய தடத்தில் ஓடியது.

"இல்லவே இல்லைங்க."

டாக்டரம்மா எழுதிக்கொண்டார். எழுதி முடித்து, அவர் வலது கையை விளக்குக்குக் கீழே இழுத்தார்.

"இந்தப் புண்ணு எப்படி வந்தது?"

"கண்ணாடி கீறினதுங்க. நம்ம தொழிலே அதுதான்."

"கீறல் இப்படிக் குழி விழாது. ஓரம் தடிச்சு, நடுவுல கறுத்திருக்கு பாருங்க." அவர் பேனாவை மூடினார். "நான் எதுக்கு இத்தனை கேக்கறேன்னு சொல்லிடறேன் சார். இந்த மாதிரி கட்டிக்கு ஒண்ணுக்கு மேல காரணம் இருக்கலாம். ஒண்ணு, நீங்க மனசுல நினைச்சுப் பயப்படறது. அதுக்குச் சதையை எடுத்து சோதிக்கணும். இன்னொண்ணு, முயல் மாதிரி பிராணிகள்கிட்டேருந்து கையில இருக்கற காயம் வழியா ஏறுற காய்ச்சல். முயல் காய்ச்சல்னே அதுக்குப் பேரு. அதுவா இருந்தா ஊசி போட்டாப் போயிடும். ஆனா நீங்க எதையும் தொடவே இல்லைன்னு சொல்றீங்க. அப்ப நான் முதல்ல மத்ததைத்தான் தேடணும்."

கண்ணாடிக்காரருக்கு இத்தனை நாள் இருட்டாகவே கிடந்த அறையில் யாரோ ஒரு ஜன்னலைத் திறந்த மாதிரி இருந்தது. ஆனால் அந்த ஜன்னலுக்குப் போகிற வழியில் மனைவி உட்கார்ந்திருந்தாள். ஓரக்கண்ணால் அவள் காலைப் பார்த்தார். வலது கால் தரையை நன்றாக அழுத்திக்கொண்டிருந்தது.

"டாக்டர், இவங்க ஒரு நிமிஷம் வெளியில இருக்கட்டுமே."

அழுத்தியிருந்த கால் தளர்ந்தது. அதுதான் அவரை அதிகம் பயமுறுத்தியது.

"எதுவா இருந்தாலும் என் முன்னாடியே சொல்லுங்க," என்றாள் மனைவி, தணிந்த குரலில். "நீங்களா சொல்லுவீங்கன்னுதான் இத்தனை நாளா காத்துட்டிருக்கேன்."

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்படி?"

"ஞாயித்துக்கிழமை வேலைக்குப் போயிட்டு வர்ற மனுஷன் குளிச்சுட்டு வருவாரா? அதுவும் நம்ம வீட்டுல இல்லாத சோப்பு வாசனையோட?"

கண்ணாடிக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். "தெரிஞ்சுமா சும்மா இருந்த?"

"என்ன செய்யச் சொல்றீங்க? கேட்டு, ஆமான்னு சொல்லிட்டீங்கன்னா?" அவள் குரல் உடைந்தது. "போகட்டும். உடம்பு முடியாத நேரத்துல சண்டை வேண்டாம். அவ யாருன்னு மட்டும் சொல்லிடுங்க."

"எவ?"

"அவதான். எந்த வீடு, என்ன பேரு?"

கண்ணாடிக்காரர் திருதிருவென்று விழித்தார். டாக்டரம்மாவைப் பார்த்தார். அவர் மேஜையிலிருந்த காகிதத்தை மிகவும் கவனமாகப் படிப்பதுபோல் வைத்துக்கொண்டிருந்தார்.

"ஐயோ, அவளும் இல்ல, இவளும் இல்ல. முயலும்மா!"

"என்னது?"

"முயல். சதுப்பு முயல். உன் தம்பியும் நானும் வலை கட்டி முயல் புடிக்கப் போனோம். போன வருஷத்துலேருந்து போயிட்டிருக்கோம். சேறு தெரியக் கூடாதுன்னு அவன் வீட்டுலயே குளிச்சுட்டு வருவேன். சோப்பும் அவனோடதுதான்."



"முயலா?" என்றாள் மனைவி. "வெறும் முயலா?"

"வெறும் முயல்தான்."

அவள் சிரித்தாளா அழுதாளா என்று அவரால் சொல்ல முடியவில்லை. இரண்டும் ஒரே மூச்சில் வந்தன. நாற்காலியிலேயே திரும்பி அவருடைய நல்ல கைப் பக்கத் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். சட்டை நனைந்தது. காய்ச்சல் உடம்புக்கு அந்த ஈரம் ஜில்லென்று இருந்தது.

டாக்டரம்மா காகிதத்தைக் கீழே வைத்தார். அவருக்கும் உதட்டோரம் அடக்க முடியவில்லை.

"உரிச்சது யாரு சார்?"

"நான்தாங்க. மச்சினனுக்கு ரத்தம்னா ஆகாது."

"கையுறை போட்டுப்பீங்களா?"

"அதெல்லாம் யாருங்க போடுவாங்க?"

"புடிச்சதுல ஏதாவது முயல் ஓடாம, சோர்ந்துபோய் இருந்துச்சா?"

வெயிலில் உட்கார்ந்திருந்த முயல் நினைவுக்கு வந்தது. கை ராசி என்று குதித்ததும் வந்தது. சொன்னார். டாக்டரம்மா நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"அதுக்குத்தான் உடம்பு சரியில்லாம இருந்திருக்கும். ரத்தம் எடுத்துச் சோதிச்சுப் பாத்தாத்தான் உறுதியாச் சொல்ல முடியும். ஆனா எனக்குச் சந்தேகம் ரொம்ப இல்ல. இன்னிக்கே ஊசிய ஆரம்பிச்சிடலாம்."

"அண்ணனுக்கு வந்த மாதிரி..." என்று ஆரம்பித்தார் கண்ணாடிக்காரர். முடிக்க வரவில்லை.

"நீங்க பயப்படற மாதிரி இருக்கும்னு எனக்குத் தோணல."

"ஊசி போட்டா முழுசாப் போயிடுமா டாக்டர்?" என்று மனைவி இடையில் புகுந்தாள்.

"போயிடும்மா."

"இன்னொரு தடவ சொல்லுங்க."

டாக்டரம்மா இன்னொரு தடவை சொன்னார். எரிச்சல்படாமல் சொன்னார்.

அவரை ஆஸ்பத்திரியில் சேர்க்க ஒரு கட்டில் காலியாகும்வரை வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோதுதான் மனைவி மீதியைக் கொட்டினாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கார் கற்றுக்கொள்ள வந்த ஒரு வங்கிக்காரரோடு கடைத்தெரு வழியே போயிருக்கிறாள். பட்டறை இழுத்துப் பூட்டியிருந்தது. அதைப் பார்த்த அதிர்ச்சியில் நடுத்தெருவில் பிரேக்கை மிதித்துவிட்டாள். பின்னால் வந்தவனெல்லாம் ஹாரன் அடிக்க, அந்த வங்கிக்காரர் தான்தான் ஏதோ தப்புப் பண்ணிவிட்டதாக நினைத்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தாராம்.

"அன்னிலேருந்து ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் எனக்கு எப்படிப் போச்சுன்னு தெரியுமா? வர்றவங்க போறவங்க முகத்தையெல்லாம் பாத்துப் பாத்து, இவளா இருக்குமோ, அவளா இருக்குமோன்னு. பால் கடைக்காரம்மாவக்கூட விடல."

"பால் கடைக்காரம்மாவா!"

"சிரிக்காதீங்க. கொன்னுடுவேன்."

சிரிக்காமல் இருக்கத்தான் பார்த்தார். சிரித்தால் கட்டி வலித்தது. ஆனாலும் வந்தது. இத்தனை நாள் தான் மட்டும்தான் ஒரு பாரத்தைத் தூக்கிக்கொண்டு திரிந்ததாக அவர் நினைத்திருந்தார். அதே வீட்டில், அதே கட்டிலில், இவளும் ஒன்றைத் தூக்கிக்கொண்டு படுத்திருக்கிறாள். அது அவருக்குச் சுருக்கென்றது. அவள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"சத்தியத்த மீறினதுக்கு..."

"அதுக்கு வேற கச்சேரி இருக்கு. முதல்ல உடம்பு தேறட்டும்," என்றாள் அவள். ஆனால் கையை எடுத்துக்கொள்ளவில்லை.

ஊசி ஒவ்வொன்றும் இடுப்பில் ஆணி அடித்த மாதிரி இறங்கியது. கண்ணாடிக்காரர் ஒவ்வொன்றுக்கும் நன்றி சொன்னார். நர்ஸ் வினோதமாகப் பார்த்தாள். ரத்தச் சோதனை முடிவும் டாக்டரம்மா சொன்னதையே சொன்னது. அதைக் கேட்ட பிறகும் முழுசாக நம்பிக்கை வரவில்லை அவருக்கு. அண்ணனையும் நடுவில் சில நாள் தேறிவிட்டதாகத்தான் சொன்னார்கள். ஒருநாள் மத்தியானம் நன்றாக அயர்ந்து தூங்கி எழுந்தபோது போர்வை காலடியில் கிடந்தது. குளிரவில்லை. சட்டை தொப்பலாக வேர்த்திருந்தது. அக்குளைத் தடவிப் பார்த்தார். எலுமிச்சம்பழம் வற்றிச் சுருங்கியிருந்தது. அப்புறம் வயிற்றுக்குள் ஏதோ கடகடவென்றது. பசி. எத்தனையோ நாளுக்குப் பிறகு, சோறு வேண்டும் என்று கேட்கும் நிஜமான பசி. அப்போதுதான் அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது.

மனைவியைக் கூப்பிட வாயெடுத்தவர் நிறுத்திக்கொண்டார். வராந்தாவில் அவள் குரல் கேட்டது. மச்சினன் பார்க்க வந்து வசமாக மாட்டிக்கொண்டிருந்தான்.

"மேடு வேற, சேறு வேறயா? என்கிட்ட சொல்லு பாக்கலாம் அத!"

"அக்கா, மாமாதான்..."

"மாமா பேச்சே எடுக்காத. அவரு உன்னப் பத்திச் சொல்லிட்டாரு. வெங்காயம் நறுக்கினியாமே, வெங்காயம்! கூடப் பொறந்தவ கண்ணக் கசக்கிட்டுக் கிடக்கறா, நீ வெங்காயம் நறுக்கி விருந்து சாப்பிட்டிருக்க. உனக்கும் டாக்டரம்மாகிட்ட ரத்தம் எடுக்கச் சொல்லியிருக்கேன். போய் உக்காரு வரிசையில."

"எனக்கு ஒண்ணும் இல்லக்கா. ரத்தம்னா தலை..."

"சுத்தட்டும்!"

கண்ணாடிக்காரர் பசியைப் பொறுத்துக்கொண்டு, கண்ணை மூடி, தூங்குகிறவர்போல் கிடந்தார். உள்ளே அவ்வளவு இதமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து தேறி, பட்டறையைத் திறந்தார். பழையபடி விரல்களில் கீறல் மோதிரங்கள் ஏறிக்கொண்டன. அடுத்த பருவம் வந்தபோது அவர் வாயே திறக்கவில்லை. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் மனைவியே ஒரு பையைக் கொண்டுவந்து மேஜைமேல் போட்டாள். உள்ளே முழங்கை வரைக்கும் வரும் தடித்த ரப்பர் கையுறைகள், இரண்டு ஜோடி.

"ஒண்ணு அவனுக்கு. அவனும் உரிக்கக் கத்துக்கட்டும். சோர்ந்து உக்காந்திருக்கறத விட்டுடணும். தனியாப் போகக் கூடாது. போறப்ப எங்க போறேன்னு வாயத் தொறந்து சொல்லிட்டுப் போகணும்."

"நாளைக்கு முயலுக்குப் போறேன்," என்றார் கண்ணாடிக்காரர்.

அவர் குரல் அவருக்கே விசித்திரமாக இருந்தது, அவ்வளவு லேசாக. மறுநாள் காலை முழங்கால் சேற்றில் நின்று, நாணலுக்குள் வக்கீல் வாதாடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். முயல் ஒன்று தண்ணீருக்குள் விழுந்த சத்தம் கேட்டது. வட்டம் சுற்றி வரவே இல்லை, எங்கோ நீந்திப் போய்விட்டது. மச்சினன் அலுத்துக்கொண்டான். கண்ணாடிக்காரர் வலையைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு, பசிக்கிறது, வீட்டுக்குப் போகலாம் என்றார்.